‘ரைட்டர் காட்டவில்லை’: எம்.கே.பி. நகரை முன்வைத்து ஒரு பழுதாய்வு

1. முன்னுரை

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை மேசைக்குப் புகார் பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேரும்: “அண்ணே, நீரோல ரைட்டரே காட்ட மாட்டேங்குது.” கடைக்காரர் கையிலிருக்கும் வேலையை விடாமலே கேட்பார்: “ஓ.எஸ். போட்டு எவ்ளோ நாளாச்சு? ஃபார்மட் அடிச்சுடலாமா?” வந்தவர் சொன்னது ஓர் அறிகுறி. கடைக்காரர் சொன்னது தீர்வு. இடையில் நடந்திருக்க வேண்டிய விசாரணை நடக்கவில்லை.

அந்த விசாரணையை வரிசைப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம். ரைட்டர் என்பது சிடி, டிவிடி தகடுகளில் எழுதும் கருவி. ‘ரைட்டர் காட்டவில்லை’ என்று அறிவிப்பது நீரோ போன்ற எழுதும் மென்பொருள். அது கணினியின் மேல்தளத்தில் உட்கார்ந்திருக்கிறது. கீழ்த்தளங்களில் என்ன நடக்கிறது என்பது அதற்கு நேரடியாகத் தெரியாது. ஆகவே அதன் அறிவிப்பை ரைட்டரின் மரணச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தத் தளம் வரை ரைட்டர் தெரிகிறது, எந்தத் தளத்தில் மறைகிறது என்று கீழிருந்து மேலாகக் கேட்டுக்கொண்டே போனால் கோளாறு இருக்கும் இடம் தானே வெளிப்படும். இதுவே இக்கட்டுரையின் கருதுகோள்.

2. களமும் தேவையும்

2.1 களம்

எம்.கே.பி. நகர் என்று எல்லோரும் சொல்லும் மகாகவி பாரதி நகர், சென்னையில் வியாசர்பாடியை ஒட்டிய குடியிருப்பு. ஒருபுறம் பெரம்பூர், மறுபுறம் கொடுங்கையூர். கிழக்கே சில கிலோமீட்டரில் ராயபுரமும் துறைமுகமும். கணினிப் பாகம் வேண்டுமென்றால் இங்குள்ளவர்கள் போகும் இடம் அண்ணா சாலைக்குப் பக்கத்திலுள்ள ரிச்சி தெரு. பீச் ஸ்டேஷனுக்கு எதிரே, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் கடைவரிசையாகத் தோன்றிய பர்மா பஜாரும் உண்டு. பழைய ரைட்டர்கள் இன்னும் கைமாறுவது இத்தகைய சந்தைகளின் வழியாகத்தான். வாங்கும்போது கடையில் ஓட்டிக் காட்டுவார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினால் காட்டாது. இந்த முரண் ஒன்றே, கோளாறு ரைட்டருக்குள் மட்டும் இருப்பதில்லை என்பதற்கு முதல் தடயம்.

2.2 இன்னும் ஏன் தகடு?

பென் டிரைவும் வாட்ஸாப்பும் வந்த பிறகு குறுந்தகடு எழுதுவோர் யார் என்று கேட்கலாம். மூன்று தரப்பினர் இருக்கிறார்கள்.

முதல் தரப்பு ஸ்டூடியோக்காரர்கள். கல்யாண ஆல்பத்தோடு டிவிடியும் வேண்டும் என்று கேட்கும் குடும்பங்கள் குறைந்திருக்கின்றன, மறையவில்லை. இரண்டாம் தரப்பு ஸ்கேன் மையங்கள். எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேன் படங்களை டைகாம் என்னும் மருத்துவப் பட வடிவில் தகட்டில் எழுதிக் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு நோயாளி ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகலாம். மூன்றாம் தரப்பு வழக்கறிஞர்கள். சிசிடிவி பதிவு, செல்போன் உரையாடல் ஆகியவற்றின் நகலைத் தகட்டில் எழுதி நீதிமன்றத்தில் தாக்கல் செய்கிறார்கள். ஒருமுறை எழுதினால் மாற்ற முடியாத தகடு என்பதே அங்கே அதன் மதிப்பு. இந்த மூன்றாம் தரப்பு இக்கட்டுரையின் முடிவுக்கு முக்கியமானது. 6ஆம் பகுதியில் அதற்குத் திரும்புவோம்.

3. ‘காட்டுதல்’ நடைபெறும் முறை

கணினி இயங்கத் தொடங்கும்போது ரைட்டரை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். ‘நீ யார்?’ என்னும் முதல் கட்டளைக்குப் பெயர் இன்கொயரி. அதற்கு ரைட்டர் தரும் பதிலில் தயாரிப்பாளர் பெயருக்கு 8 எழுத்திடம், மாடல் பெயருக்கு 16, உள்மென்பொருளின் பதிப்பு எண்ணுக்கு 4 ஒதுக்கப்பட்டிருக்கும். கருவியின் வகை எண் 5 என்று வந்தால் அது சிடி, டிவிடி இனத்தைச் சேர்ந்தது.

‘உன்னால் என்ன முடியும்?’ என்பது அடுத்த கேள்வி. இதற்கான கட்டளை கெட் கான்ஃபிகரேஷன். தான் கையாளக்கூடிய தகட்டு வகைகளை ரைட்டர் எண்களாகப் பட்டியலிடும். பதினாறடிமான எண்முறையில் 09 என்றால் சிடி-ஆர், 11 என்றால் டிவிடி-ஆர், 1பி என்றால் டிவிடி+ஆர். எழுதும் மென்பொருள் இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ஒரு கருவியை ‘ரைட்டர்’ என்று ஏற்கிறது.

இந்தக் கேள்வியும் பதிலும் கடந்து போகும் தளங்கள் ஐந்து:

(அ) மின்சாரமும் கேபிளும்
(ஆ) மதர்போர்டின் கன்ட்ரோலரும் பயாஸும்
(இ) ஓ.எஸ்.ஸின் டிரைவர்
(ஈ) டிரைவரைச் சுற்றி மற்ற மென்பொருள்கள் செருகிய வடிகட்டிகள்
(உ) எழுதும் மென்பொருள்

இவற்றோடு கிளையாக நிற்பது தகடு. ‘காட்டவில்லை’ என்ற ஒரே சொல்லுக்குள் இந்த ஆறில் எதுவும் ஒளிந்திருக்கலாம்.

4. தளவாரியாகக் கோளாறுகள்

4.1 மின்சாரமும் கேபிளும்

ரைட்டருக்கு எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கியிலிருந்து இரண்டு வகை மின்னழுத்தம் போகிறது. பழைய நான்கு ஊசி இணைப்பில் சிவப்பு ஒயர் 5 வோல்ட், மஞ்சள் ஒயர் 12 வோல்ட், நடுவிலுள்ள இரண்டு கறுப்பு ஒயர்களும் தரை. 5 வோல்ட் ரைட்டரின் மூளைக்கு, 12 வோல்ட் தகட்டைச் சுழற்றும் மோட்டாருக்கு. மஞ்சள் ஒயரின் பின் தளர்ந்து பின்னால் தள்ளிவிட்டால் ரைட்டர் கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும், விண்டோஸிலும் காட்டும். தகட்டைப் போட்டால் மட்டும் சுழலாது. சிவப்பு ஒயர் போனால் எதுவுமே இருக்காது, தட்டுகூடத் திறக்காது. ஆகவே கடைக்காரர் முதலில் பார்க்க வேண்டியது திரையை அல்ல, தட்டை. பொத்தானை அழுத்தித் தட்டு வந்தால் மின்சாரம் இருக்கிறது. வராவிட்டால் உடனே ரைட்டரைக் குறை சொல்லவும் முடியாது. வெயிலில் இறுகிப்போன ரப்பர் பெல்ட்டும் தட்டைப் பிடித்துவைத்திருக்கும்.

கடற்காற்று வீசும் வட்டாரத்தில் இணைப்பு ஊசிகளில் பச்சைப் பூப்பு ஏறுவது புதிதல்ல. கேபிளைக் கழற்றி மறுபடி அழுத்திச் செருகினாலே சரியாகும் கேஸ்கள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

யு.எஸ்.பி. வழியாக மாட்டும் வெளி ரைட்டர்களில் சிக்கல் வேறு. யு.எஸ்.பி. 2.0 துளை தரக்கூடியது 500 மில்லி ஆம்பியர், 3.0 துளை 900. தகடு சுழலத் தொடங்கும் நொடியில் ரைட்டர் இதைவிடக் கூடுதலாக இழுக்கும். அப்போது ‘டிங்’ என்று சத்தம் வந்து ரைட்டர் மறையும், மறுபடி வரும், மறுபடி மறையும். கேபினெட்டின் முன்பக்கத் துளையிலும், தனி மின்சாரம் இல்லாத ஹப்பிலும் மாட்டினால் இது அதிகம். பின்பக்கத் துளையில் நேராக மாட்டுவது, அல்லது இரண்டு தலை கொண்ட ‘ஒய்’ கேபிளைப் பயன்படுத்துவது தீர்வு.

4.2 பயாஸும் கன்ட்ரோலரும்

கணினியை ஆன் செய்து பயாஸுக்குள் போனால் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் தெரியும். விண்டோஸ் இன்னும் எழவில்லை. நீரோவின் பேச்சே இல்லை. அங்கே ரைட்டரின் மாடல் பெயர் எழுத்துப் பிசகாமல் வந்தால் (அ), (ஆ) தளங்கள் இரண்டும் குற்றமற்றவை. பெயர் வராவிட்டாலும், சில எழுத்துகள் மாறி வந்தாலும் முதலில் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும்.

பட்டை கேபிள் காலத்து ஐடிஇ ரைட்டர்களில் ஜம்பர் என்னும் சின்ன மூடிதான் பாதிச் சண்டைக்குக் காரணம். ஒரே கேபிளில் ஹார்டு டிஸ்க்கும் ரைட்டரும் இரண்டுமே ‘மாஸ்டர்’ என்று வைக்கப்பட்டிருந்தால் ஒன்று மறையும், அல்லது இரண்டும் மறையும். 2006இல் இன்டெல் தன் மேசைக்கணினிச் சிப்செட்டான ஐசிஎச்8இலிருந்து ஐடிஇயை நீக்கியபோது வேறொரு சிக்கல் வந்தது. மதர்போர்டுக்காரர்கள் ஜெமைக்ரான் போன்ற நிறுவனங்களின் தனிச் சிப்பை வைத்து அந்தத் துளையைக் காப்பாற்றினார்கள். அந்தச் சிப் பயாஸில் அணைக்கப்பட்டிருந்தாலோ, அதற்குரிய டிரைவர் போடப்படாமல் இருந்தாலோ நல்ல ரைட்டரும் காட்டாது. ‘கடையில் ஓடியது, வீட்டில் ஓடவில்லை’ என்பதற்கு இது ஒரு விளக்கம்.

4.3 விண்டோஸும் வடிகட்டிகளும்

ஆய்வின் மையம் இந்தத் தளம். கடைகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே.

விண்டோஸ், சிடி-டிவிடி கருவிகள் அனைத்தையும் ஒரே வகுப்பாக வைத்திருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் 4டி36இ965 என்று தொடங்கும் நீண்ட எண் இந்த வகுப்பின் முகவரி. அதற்குள் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்று இரண்டு பட்டியல்கள் இருக்கலாம். ரைட்டரோடு நேரே பேச விரும்பும் மென்பொருள்கள் தங்கள் வடிகட்டியின் பெயரை இவற்றில் எழுதிவைக்கும். எழுதும் மென்பொருள்களும் மெய்நிகர்த் தகட்டு மென்பொருள்களும் இப்படிச் செய்தன. பாட்டுக் கேட்க நிறுவிய ஐட்யூன்ஸும் செய்தது.

சிக்கல் பிறப்பது அந்த மென்பொருளை நீக்கும்போது. வடிகட்டியின் கோப்பு அழிந்துவிடும். பட்டியலில் அதன் பெயர் மட்டும் தங்கிவிடும். அடுத்த முறை கணினி எழும்போது விண்டோஸ் பட்டியலைப் படிக்கும், பெயருக்குரிய கோப்பைத் தேடும், கிடைக்காமல் போகும், ரைட்டரை இயக்க மறுக்கும். டிவைஸ் மேனேஜரில் ரைட்டரின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் ஆச்சரியக்குறி நிற்கும். திறந்து பார்த்தால் கோட் 39 என்றிருக்கும். 19, 31, 32, 41 ஆகிய எண்களும் இந்த வழியில் வருவதுண்டு. மை கம்ப்யூட்டரில் ரைட்டரின் படமே இருக்காது.

பட்டியல் தனி ரைட்டருக்கு அல்ல, வகுப்பு முழுவதற்கும் உரியது என்பதில்தான் கண்டுபிடிக்கும் வழி இருக்கிறது. ஒரே கணினியில் ஒரு டிவிடி ரீடரும் ஒரு ரைட்டரும் இருந்து, இரண்டும் ஒரே நாளில் மறைந்தால் இரண்டும் ஒன்றாகச் செத்தன என்று நம்ப வேண்டியதில்லை. வேலை செய்துகொண்டிருந்த வெளி ரைட்டரை மாட்டிப் பார்த்து அதுவும் காட்டாவிட்டால் அதே முடிவுதான்.

மருத்துவம் எளிது. ரெஜிஸ்ட்ரியின் அந்தப் பகுதியை முதலில் ஒரு கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டு பட்டியல்களையும் நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி எழுப்ப வேண்டும். பட்டியலில் உரிமையோடு இருந்த மென்பொருள் ஏதாவது முரண்டு பிடித்தால் அதை மட்டும் மீண்டும் நிறுவினால் போதும். விண்டோஸ் 7, 8, 10 பதிப்புகளில் வடிகட்டி இல்லாமலே ரைட்டர் மறையும் நிலைக்கு மைக்ரோசாஃப்ட் வேறொரு திருத்தம் சொல்லியிருக்கிறது: அட்டாபி சேவையின் கீழ் கன்ட்ரோலர்0 என்ற பகுதியை உருவாக்கி, எனும்டிவைஸ்1 என்ற மதிப்பை 1 என்று வைப்பது. இரண்டுமே சில நிமிட வேலை.

4.4 எழுதும் மென்பொருள்

மை கம்ப்யூட்டரில் ரைட்டர் தெரிகிறது, தகட்டைப் படிக்கிறது, நீரோவில் மட்டும் காட்டவில்லை என்றால் கீழ்த்தளங்களை விட்டுவிடலாம். இங்கே காரணங்கள் நான்கு.

ஒன்று, அனுமதி. விண்டோஸ் எக்ஸ்பியில் நிர்வாகி அல்லாத கணக்கில் நுழைந்தவர் எழுதும் கட்டளைகளை அனுப்ப முடியாது. இதற்காகவே நீரோ நிறுவனம் பர்ன்ரைட்ஸ் என்ற துணைக் கருவியைத் தந்தது. அலுவலகக் கணினிகளில் குரூப் பாலிசி வழியாகத் தகடு எழுதுவதையே தடை செய்திருப்பார்கள். அது கோளாறு அல்ல, உத்தரவு.

இரண்டு, இலவசப் பதிப்பு. ரைட்டர் பெட்டிக்குள் வந்த நீரோ தகடு அந்த நிறுவனத்தின் ரைட்டரை மட்டுமே ஏற்கும்படி கட்டப்பட்டிருக்கும். வேறு கம்பெனி ரைட்டரை மாட்டினால் ‘ரைட்டர் இல்லை’ என்று சாதிக்கும்.

மூன்று, வயது. எக்ஸ்பியோடு வந்த எழுதும் வசதி சிடிக்கு மட்டுமே. டிவிடி எழுதும் வசதி விஸ்டாவிலிருந்துதான் உள்ளேயே வந்தது. ரைட்டரைவிட மென்பொருள் பழையதாக இருந்தால் பட்டியலில் வரும் புதிய எண்கள் அதற்குப் புரியாது.

நான்கு, கருவியே டிவிடி ரைட்டராக இல்லாதது. ‘காம்போ’ என்று விற்ற கருவிகள் டிவிடியைப் படிக்கும், சிடியை மட்டும் எழுதும். முகப்பில் டிவிடி முத்திரை இருப்பதைப் பார்த்து வாங்கியவர் மென்பொருளைத் திட்டுவதில் பயனில்லை.

4.5 தகடு

ரைட்டர் எல்லா இடத்திலும் தெரிகிறது. வெற்றுத் தகட்டைப் போட்டால் ‘தகட்டைப் போடவும்’ என்றே வந்துகொண்டிருக்கிறது. புகார் அதே ‘காட்டவில்லை’ தான். ஆனால் இங்கே மென்பொருளுக்குத் தெரியாதது ரைட்டர் அல்ல, தகடு.

வெற்றுத் தகடு முற்றிலும் வெறுமையானது அல்ல. அதன் பள்ளத்தடத்தில் தயாரிப்பாளரின் குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். நொய்டாவில் இயங்கிய மோசர் பேர் நிறுவனத்தின் தகடுகளில் எம்பிஐபிஜி101 என்று வந்தது அத்தகைய குறியீடு. ரைட்டர் அதைப் படித்து, தன் உள்மென்பொருளில் இருக்கும் அட்டவணையில் தேடி, அந்தச் சாயத்துக்கு லேசர் எவ்வளவு வலுவாகப் பட வேண்டும் என்று முடிவு செய்கிறது. பிறகு உள்வட்டத்தில் ஒரு சிறு பகுதியில் எழுதிப் பார்த்துச் சரிபார்க்கிறது. அதில் தோற்றால் ‘பவர் காலிப்ரேஷன் எரர்’ வரும். லென்ஸில் தூசு படிந்திருந்தாலும் இதே பிழைதான். கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கின் புகையும், லாரிகள் கிளப்பும் புழுதியும் சன்னல் வழியே வரும் வீடுகளில் லென்ஸை இரண்டாவதாக அல்ல, முதலாவதாகச் சந்தேகிக்கலாம்.

சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் என்று லேசர் ஒளி வேறு வேறு. ஆகவே டிவிடி ஓடி சிடி மட்டும் ஓடாத ரைட்டரில் ஒரு லேசர் போயிருக்க வாய்ப்புண்டு. எழுதிய சிடி ஒன்று, எழுதிய டிவிடி ஒன்று, வெற்றுத் தகடுகளில் வெவ்வேறு கம்பெனியில் இரண்டு: இந்த நான்கையும் மாற்றி மாற்றிப் போட்டாலே குற்றம் தகட்டிலா, லேசரிலா என்று பிரித்துவிடலாம்.

5. பிரித்தறியும் சோதனை: லினக்ஸ் பென் டிரைவ்

மேலே சொன்ன தளங்களில் முதல் இரண்டையும் மற்றவற்றிலிருந்து ஒரே வெட்டாகப் பிரிக்கும் சோதனை ஒன்று உண்டு. உபுண்டு போன்ற லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே கணினியை அதிலிருந்து எழுப்புவது. அங்கே விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி கிடையாது, வடிகட்டி கிடையாது, நீரோ கிடையாது. ரைட்டர் எஸ்ஆர்0 என்ற பெயரில் தோன்றி, ஒரு தகட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டால் கருவி நிரபராதி. விசாரணையை விண்டோஸ் பக்கம் திருப்பலாம். தோன்றாவிட்டால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கலாம்.

இக்கட்டுரையின் கருதுகோளுக்கு லினக்ஸின் வரலாறே ஒரு சான்று. யோர்க் ஷில்லிங் எழுதிய சிடிரெக்கார்டு என்ற மென்பொருளுக்கு, ஸ்கஸி என்னும் வேறோர் இணைப்பு முறையைச் சேர்ந்த கருவிகளோடு மட்டுமே பேசத் தெரிந்தது. லினக்ஸ் கெர்னல் 2.4 காலத்தில் சாதாரண ஐடிஇ ரைட்டரை மாட்டினால் படிப்பதற்குத் தெரியும், எழுதுவதற்குத் தெரியாது. ஐடிஇ-ஸ்கஸி என்ற போலி வேடத்தை இடையில் மாட்டினால்தான் எழுதும் மென்பொருள் அதை ஏற்றது. 2.6 கெர்னலில் அந்த வேடம் தேவையற்றதானது. ரைட்டரில் ஒரு திருகுகூட மாறவில்லை. மாறியது இடைத்தளம் மட்டுமே.

6. ஃபார்மட் என்னும் பழக்கம்

இவ்வளவு இருக்க, ஃபார்மட் ஏன் முதல் யோசனையாக நிலைத்தது? அது சில சமயம் வேலை செய்வதால். வடிகட்டிப் பட்டியல் கெட்டிருந்தால் புதிய விண்டோஸோடு சுத்தமான பட்டியல் வந்துவிடும், ரைட்டர் காட்டும். கடைக்காரரின் அனுபவம் பொய்யல்ல. ஆனால் இரண்டு மதிப்புகளை நீக்கிச் சரிசெய்யக்கூடியதை, ஒரு நாள் வேலையாகவும் சில நூறு ரூபாய்க் கூலியாகவும் அது மாற்றுகிறது. கேபிள், லேசர், தகடு ஆகியவற்றின் கோளாறுக்கோ அது எதையும் செய்வதில்லை.

ஸ்டூடியோக்காரருக்கு இதில் போவது எடிட் செய்த வீடியோவும் சேர்த்துவைத்த எழுத்துருக்களும். வழக்கறிஞருக்குப் போவது வழக்காகவே இருக்கலாம். 2014இல் அன்வர் எதிர் பஷீர் வழக்கில் தேர்தல் பிரச்சாரப் பேச்சுகளும் பாடல்களும் அடங்கிய குறுந்தகடுகள் தாக்கலாயின. இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்ட சான்றிதழ் இல்லாததால் உச்ச நீதிமன்றம் அவற்றை ஏற்கவில்லை. 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் அதே நீதிமன்றம் அந்த நிலையை உறுதிசெய்தது. மூலப் பதிவு இருக்கும் கருவியையே உரியவர் நேரில் கொண்டுவந்து நிரூபித்தால் சான்றிதழ் தேவையில்லை என்றும் தெளிவுபடுத்தியது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது.

இந்தச் சட்டநிலையோடு சேர்த்துப் பார்த்தால் பழுது நீக்கும் வரிசைக்கு வேறு கனம் வருகிறது. தகட்டில் எழுதப்படுவது நகல். மூலம் கணினியின் ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. நகலெடுக்க ரைட்டர் காட்டவில்லை என்பதற்காக ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் அடிப்பவர், நகல் எடுக்கும் முயற்சியில் மூலத்தை அழிக்கிறார். டி டிரைவை மட்டும் விட்டுவைத்தேன் என்று சமாதானம் சொல்லலாம். சி டிரைவின் டெஸ்க்டாப்பில்தான் பலருடைய முக்கியமான கோப்புகள் கிடக்கின்றன.

7. ஆய்வு முடிவுகள்

7.1 ‘ரைட்டர் காட்டவில்லை’ என்பது ஒரு கோளாறின் பெயர் அல்ல. ஆறு வெவ்வேறு இடங்களில் பிறக்கும் கோளாறுகளின் பொதுப் புகார்.

7.2 விசாரணையின் வரிசை: தட்டு திறக்கிறதா, பயாஸில் பெயர் வருகிறதா, டிவைஸ் மேனேஜரில் கோட் எண் எதுவும் இல்லாமல் தெரிகிறதா, மை கம்ப்யூட்டரில் தகட்டைப் படிக்கிறதா, வேறு எழுதும் மென்பொருளில் காட்டுகிறதா, வேறு தகட்டை ஏற்கிறதா. எந்தக் கேள்விக்கு முதலில் ‘இல்லை’ வருகிறதோ அங்கேயே நின்று அந்தத் தளத்தைச் சரிசெய்ய வேண்டும்.

7.3 ஒரே நேரத்தில் இரண்டு கருவிகள் மறைந்தால் கருவிகளை விட்டுவிட்டு வடிகட்டிப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

7.4 வேறு கேபிள், வேறு கணினி, லினக்ஸ் ஆகிய மூன்றிலும் பதில் தராத ரைட்டரையே செத்ததாக அறிவிக்கலாம். அப்போதும் ஃபார்மட்டுக்கு வேலையில்லை, யு.எஸ்.பி. ரைட்டர் ஒன்றை வாங்கிப் பின்பக்கத் துளையில் மாட்டினால் தகடு எழுதிவிடலாம்.

7.5 சர்வீஸுக்குக் கொடுப்பவர் கடைக்காரரிடம் ரைட்டரைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: “ஃபார்மட் அடிக்கிறதா இருந்தா முதல்ல எனக்கு போன் பண்ணுங்க.” அந்த ஒரு வாக்கியம், மற்ற எல்லாச் சோதனைகளுக்கும் நேரம் வாங்கித் தரும்.